வாகனத்தின் நொசில் எத்தனை காலம் உழைக்கும்? எப்போது மாற்ற வேண்டும்?



வாகனத்தை நாள் வாடகைக்குக் கொடுக்கும்போது எழுதிக்கொள்ள வேண்டிய உடன்படிக்கை பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அதன் தொடர்ச்சியாக இம்முறை, வாகனம் வைத்திருக்கும் பெண்களை எதிர்பாராத செலவுக்குள் தள்ளிவிடும் ஒரு சின்ன உறுப்பைப் பற்றிப் பேசுவோம். கராஜில் இதனை ‘நொசில்’ என்பார்கள். கம்பனிப் புத்தகத்தில் ‘இன்ஜெக்டர்’ என்று இருக்கும். எரிபொருளை எஞ்சினுக்குள் பீச்சி அடிக்கும் உறுப்பு இது.

“இது ஆண்களின் விடயம், நமக்கெதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என நமது கரையோர ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் சோறு ஓர் எஞ்சினில் இருந்துதான் வருகிறது. கணவர் விட்டுச் சென்ற பழைய வான், கடனெடுத்து வாங்கிய டிமோ பட்டா லொறி, போகத்துக்குப் போகம் வயலுக்கு வாடகைக்குப் போகும் லேண்ட்மாஸ்டர், பங்குக்கு விட்டிருக்கும் படகு என்று அது பலவிதமாக இருக்கும். யுத்தம் குடும்பத் தலைவரைப் பறித்துக்கொண்ட வீட்டில் அந்த எஞ்சின் நின்றால் கடையில் கொப்பிக் கணக்கு ஏறும், பிள்ளையின் வகுப்புக் காசு தவறும், லீசிங் கம்பனியில் இருந்து தொலைபேசி வரும்.

பல வீடுகளில் வாகனம் பெண்ணின் பெயரில் இருக்கிறது. ஆனால் வாகனத்தைப் பற்றிய அறிவு சாரதியிடமும் கராஜ்காரரிடமும் இருக்கிறது. சொத்து ஒருவரிடமும் அறிவு இன்னொருவரிடமும் இருந்தால், முடிவெடுக்கும் அதிகாரம் அறிவு உள்ளவரின் கைக்குத்தான் போகும். நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

நொசில் செய்யும் வேலை என்ன?

குப்பி விளக்கில் திரி எண்ணெயை மெதுவாக உறிஞ்சி எரிக்கிறது. எஞ்சினுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அளவான டீசல், பனிப்புகார் போல மெல்லிய துளிகளாகி, எரியும் அறைக்குள் போய்ச் சேர வேண்டும். துளி பெரிதானால் முழுதாக எரியாமல் கரியாகும். அதுவே கரும்புகை. இந்தப் பனிப்புகாரைச் செய்வதுதான் நொசிலின் வேலை.

ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மனியர் 1890களில் தனது எஞ்சினை உருவாக்கியபோது, எரிபொருளை உள்ளே செலுத்தப் பெரிய காற்றழுத்த இயந்திரம் ஒன்று கூடவே வேண்டியிருந்தது. அதனால் அந்த எஞ்சின் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும்தான் பொருந்தியது. 1927ஆம் ஆண்டில் பொஷ் நிறுவனம் டீசலை நேரடியாக அழுத்தி அனுப்பும் பம்ப்களைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் இறங்கி வந்தது.

வான் டயரில் ஏறக்குறைய 2 அல்லது 3 பார் அழுத்தம் இருக்கும். பழைய வகை டீசல் நொசில் திறப்பதற்கு 120 முதல் 250 பார் வரை வேண்டும். புதிய ‘கொமன் ரெயில்’ எஞ்சின்களில் இது 1,500, 2,000 பார் வரை போகும். நொசிலுக்குள் மேலும் கீழும் ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். நமது தலைமுடியின் தடிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு போதும், அந்த ஊசி இறுகிவிடும்.

முதலில், உங்கள் வாகனத்தில் நொசில் இருக்கிறதா?

இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதுதான் முதற் கேள்வி. நம் ஊர்களில் ஓடும் பழைய பெற்றோல் முச்சக்கர வண்டிகளிலும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் இருப்பது காபரேட்டர். அவற்றில் நொசில் கிடையாது. கரைவலைத் தோணிக்கும் சிறு படகுக்கும் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்களும் பெரும்பாலும் காபரேட்டர் வகைதான். அத்தகைய வண்டிக்கு யாராவது “நொசில் மாத்தோணும்” என்று பில் எழுதினால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.

டீசலில் ஓடும் எல்லா எஞ்சினிலும் நொசில் உண்டு. லேண்ட்மாஸ்டரில் சிலிண்டர் ஒன்று, நொசிலும் ஒன்று. பழைய வகை டிமோ பட்டாவில் இரண்டு. நான்கு சிலிண்டர் வானில் நான்கு. ஆழ்கடலுக்குப் போகும் இயந்திரப் படகுகளிலும் உண்டு. பெற்றோல் கார்களில், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த ஜப்பான் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பெற்றோல் இன்ஜெக்டர் இருக்கும்.

உங்களுடையது பழைய வகை டீசலா, கொமன் ரெயிலா என்பதையும் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் செலவிலும் திருத்தும் முறையிலும் பெரிய வித்தியாசம் உண்டு.

எத்தனை காலம் உழைக்கும்?

“இத்தனை கிலோமீற்றர்” என்று ஒரே ஒரு கணக்கு இதற்கு இல்லை. டயரைப் போல, பாவிப்பைப் பொறுத்தது. ஆயினும் பொதுவாகச் சொல்லக்கூடிய எல்லைகள் உண்டு.

பழைய வகை டீசல் வான், லொறிகளில் ஏறக்குறைய 1 இலட்சம் கிலோமீற்றர் ஓடியதும் நொசில்களைக் கழற்றிச் சோதிப்பது நல்லது. பெரும்பாலும் நொசிலின் நுனியை மட்டும் மாற்றினால் போதும். உடல் பகுதியைத் தொடர்ந்து பாவிக்கலாம்.

கொமன் ரெயில் இன்ஜெக்டர்கள் சுத்தமான டீசலில் பொதுவாக ஒன்றரை இலட்சம் முதல் 2 இலட்சம் கிலோமீற்றர் வரை உழைக்கும். அழுக்கு டீசல் போனால் அதில் பாதித் தூரத்துக்கு முன்பே பழுதாகலாம்.

பெற்றோல் இன்ஜெக்டர்கள் ஒன்றரை இலட்சத்தையும் தாண்டி ஓடும். பலவற்றில் எஞ்சின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். அவற்றில் வரும் கோளாறு பெரும்பாலும் அடைப்புத்தான். கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகிவிடும்.

லேண்ட்மாஸ்டருக்கும் படகுக்கும் கிலோமீற்றர்க் கணக்கு இல்லை, மணித்தியாலக் கணக்குத்தான். சிறிய டீசல் எஞ்சின்களில் ஏறக்குறைய 1,500 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நொசிலின் அழுத்தத்தைச் சோதிக்கும்படி கம்பனிப் புத்தகங்களில் எழுதியிருக்கும். ஒரு போகத்தில் 40 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் உழுதால் 320 மணித்தியாலம். பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு 640. அப்படியானால் இரண்டு ஆண்டும் சில மாதங்களும் கழிந்ததும் சோதிக்கும் நேரம் வந்துவிடும்.

இந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு நொசிலும் நிமிடத்துக்கு 1,000 தடவை பீச்சும். ஒரு மணித்தியாலத்தில் 60,000 தடவை. 1,500 மணித்தியாலத்தில் 9 கோடித் தடவை. இவ்வளவு உழைத்த இரும்பு தேயாமல் இருக்குமா?

ஆயுளைக் குறைப்பவை

முதலாவது, தண்ணீர். டீசல் தாங்கியில் காற்று இருக்கும் இடத்தில் இரவில் ஈரம் படிந்து துளித்துளியாக அடியில் சேரும். நமது கடற்கரை ஈரக்காற்றில் இது இன்னும் அதிகம். தண்ணீர் நொசிலின் ஊசியில் துருப்பிடிக்க வைக்கும். பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் மாதம் ஒரு தடவை திறந்து வடிக்கச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் வாகனம் மூழ்கினால், தாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றி, எஞ்சினுக்குள் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். “ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம்” என்று எவரையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, அழுக்கு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நாம் மறக்க மாட்டோம். நாள் கணக்கில் வரிசை, கியூ.ஆர். அட்டை, கிடைத்ததைக் கேனில் ஊற்றி வீட்டுக்குள் மறைத்து வைத்த காலம் அது. துருப்பிடித்த பீப்பாயிலும் தேங்காய் எண்ணெய்க் கேனிலும் இருந்த டீசல் நேரே தாங்கிக்குள் போனது. கேன் டீசல் ஊற்ற வேண்டி வந்தால் முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் டீசலைவிடப் பாரமானது. அடியில் தனியாகத் தெரியும்.

மூன்றாவது, மண்ணெண்ணெய்க் கலப்பு. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. டீசல் அதைவிடப் பல மடங்கு. அந்த மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவுக்கு ஏறும் வரை, டீசலில் அதைக் கலந்து ஓட்டும் ஆசை பலருக்கு இருந்தது. டீசலுக்கு ஓரளவு வழுக்கும் தன்மை உண்டு. பம்பும் நொசிலும் தேயாமல் காப்பது அதுதான். மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு. சாரதிக்கு அன்றைக்குச் சில நூறு ரூபா மிச்சம். தேய்மானச் செலவு வருவது வாகனச் சொந்தக்காரிக்கு. ஆகவே உடன்படிக்கையில் ஒரு வரி சேருங்கள்: டீசலை நிரப்பு நிலையத்தில் மாத்திரம் அடிக்க வேண்டும், பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து தர வேண்டும்.

நான்காவது, ஓடாமல் நிற்பது. இதைப் பற்றிப் பேச நாம் தயங்குகிறோம். கணவர் மௌத்தாகி, மனைவி இத்தாவில் இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் வாகனம் வளவுக்குள் தகரத்தின் கீழ் நிற்கும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் எஞ்சினைப் பற்றி யார் நினைப்பார்கள்? தாங்கியில் பாதி டீசல், மீதி ஈரக்காற்று. நான்கு மாதம் கழித்துத் திறந்தால் ஊசி இறுகி, பற்றரியும் இறங்கியிருக்கும். விதவையின் கையில் வரும் முதல் கணக்கே கராஜ் பில்லாக இருக்கும். இதைத் தவிர்ப்பது கடினமான காரியமல்ல. ஒரு சகோதரனோ மருமகனோ தாங்கியை நிரப்பி வைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வாகனத்தை ஸ்டார்ட் செய்து அரை மணித்தியாலம் வீதியில் ஓட்டிவிட்டு வந்தால் போதும். மௌத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகும் உறவினர்கள் இந்த உதவியையும் தங்கள் கடமைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுதின் அடையாளங்கள்

வாகனம் ஓட்டத் தெரியாதவரும் வாசலில் நின்று இவற்றைக் கவனிக்கலாம்.

1. காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுதல், எடுத்ததும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருதல்.
2. நின்ற இடத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் குலுங்குதல்.
3. ஏற்றத்திலும் பாரத்திலும் கரும்புகை தள்ளுதல்.
4. சுத்தியலால் தட்டுவது போன்ற கூர்மையான சத்தம்.
5. அதே பாதை, அதே பாரம், ஆனால் டீசல் கூடுதலாகச் செலவாகுதல்.
6. எஞ்சின் ஒயில் குறைய வேண்டியதற்குப் பதிலாகக் கூடுதல், ஒயிலில் டீசல் மணத்தல்.

ஆறாவது அடையாளம் மிகவும் ஆபத்தானது. நொசில் மூடாமல் சொட்டினால் எரியாத டீசல் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அந்த ஒயிலுடன் ஓடினால் எஞ்சினே போய்விடும். சொட்டும் நொசில் பிஸ்டனைச் சுட்டுத் துளையிட்டுவிடுவதும் உண்டு. ஆகவே ஒயில் குச்சியை இழுத்துப் பார்ப்பதைக் கிழமைக்கு ஒரு நாள் நீங்களே செய்யுங்கள். அதற்குச் சாரதி தேவையில்லை.

இன்னோர் அடையாளம் அரசாங்கமே தருகிறது. 2008 முதல் கட்டங்கட்டமாக நாட்டில் வந்த வாகனப் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தால்தான் வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். அந்தத் தாளில் டீசல் வாகனத்தின் புகை அளவு இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை வீசிவிடாமல் ஆண்டுக்காண்டு சேர்த்து வையுங்கள். இலக்கம் ஏறிக்கொண்டே வந்தால், பழுது வெளியே தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாப் புகையும் நொசிலால் வருவதல்ல

அவசரப்பட்டு நொசிலுக்குக் காசு கொடுப்பதற்கு முன், செலவு குறைந்தவற்றை முதலில் பாருங்கள். காற்றுப் பில்டர் அடைத்தாலும் கரும்புகை வரும். டீசல் பில்டர் அடைத்தாலும் இழுவை குறையும். குழாயில் காற்றுப் புகுந்தாலும் ஸ்டார்ட் எடுக்காது. ஹீற்றர் பிளக் பழுதானாலும் காலையில் கஷ்டப்படும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அது வேறு நோய். சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருந்தால் எத்தனை புதிய நொசில் போட்டாலும் பயனில்லை. குறிப்பாகக் கொமன் ரெயில் வாகனத்துக்கு, விலை கூடிய இன்ஜெக்டரை வாங்குவதற்கு முன் அமுக்கத்தை அளந்து பார்க்கும்படி கட்டாயம் கேளுங்கள்.

கராஜில் என்ன கேட்க வேண்டும்?

களப்பணியில் நான் சந்தித்த ஒரு சகோதரி. ஊரும் பெயரும் வேண்டாம். யுத்த காலத்தில் கணவரை இழந்தவர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பழைய டீசல் வான் ஒன்றை வைத்திருக்கிறார். சம்பளத்துக்கு ஒரு சாரதி. வான் கரும்புகை தள்ளத் தொடங்கியதும் கராஜில் சொன்னார்கள்: “ராத்தா, நொசில் நாலும் பழுதாப் பெய்த்து, பம்பும் மாத்தோணும்.” கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானம்.

அவர் மறுக்கவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை பாரில திறக்குதெண்டு பார்த்தீங்களா தம்பி?” அந்தக் கராஜில் நொசில் சோதிக்கும் கைப்பம்ப் இல்லை. புகையைப் பார்த்து அனுமானித்ததுதான். அதில் ஏமாற்று நோக்கம் இருந்ததென்று சொல்ல முடியாது. கருவி இல்லாத இடத்தில் அனுமானம்தான் மிஞ்சும்.

நொசில்களைக் கழற்றுவித்து, டீசல் பம்ப் வேலை மட்டும் செய்யும் இன்னோர் இடத்துக்கு அனுப்பினார். அங்கு கைப்பம்பில் பூட்டிப் பார்த்தபோது ஒன்று சொட்டியது. மற்ற மூன்றும் குறைந்த அழுத்தத்தில் திறந்தன. பம்பில் குறை எதுவும் இல்லை. நான்கு நுனிகளையும் மாற்றி, அழுத்தத்தைச் சரிசெய்து, டீசல் பில்டரையும் புதிதாகப் போட்டார்கள். முதலில் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கும் ஆகவில்லை. அடுத்த மாதத் தவணையையும் அவர் தவறவிடவில்லை.

அவர் கேட்டதைப் போல நீங்களும் கேட்கலாம். கேள்விகள் இவைதான்:

சோதனைப் பம்பில் பூட்டி என் கண் முன்னே காட்டுவீர்களா? நல்ல நொசில் புகை போல ஒரே சீராகப் பீச்சி, சட்டென்று நிற்கும். கெட்டது ஒரு பக்கமாகப் பீச்சும், அல்லது நுனியில் சொட்டும். இதைப் பார்த்து விளங்கப் படிப்பு வேண்டியதில்லை.

நுனியை மட்டும் மாற்றலாமா, முழுவதையும் மாற்ற வேண்டுமா?

போடப்போவது கம்பனிச் சாமானா, வேறு தயாரிப்பா, பாவித்துத் திருத்தியதா? எத்தனை மாதம் உத்தரவாதம்? பில்லில் எழுதித் தருவீர்களா?

செப்பு வாசர் புதிதாகப் போடுவீர்களா? பழைய வாசரை மறுபடி போட்டால் அமுக்கம் ஒழுகும்.

கொமன் ரெயில் என்றால், புதிய இன்ஜெக்டரின் இலக்கத்தைக் கம்பியூட்டரில் பதிவீர்களா? பல வாகனங்களில் அதைச் செய்யாவிட்டால் எஞ்சின் சீராக ஓடாது.

கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தாருங்கள். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உங்கள் காசில் வாங்கிய சாமான் அது.

மாற்றுவதா, பொறுப்பதா? ஒரு கணக்கு

உங்கள் வாகனம் நாளுக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். நன்றாக இருந்தபோது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் போனது, நாளுக்கு 5 லீற்றர். இப்போது 10 கிலோமீற்றர்தான் போகிறது, நாளுக்கு 6 லீற்றர். நாளுக்கு ஒரு லீற்றர் வீண். மாதம் 25 நாள் ஓடினால் 25 லீற்றர். 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபா விற்றபோது இது மாதம் 11,500 ரூபா. இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையையும் நொசில் திருத்தும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை மாதத்தில் செலவு திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒயிலில் டீசல் கலந்தால், அல்லது சுத்தியல் சத்தம் கேட்டால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம், வாகனத்தை நிறுத்துங்கள். கரும்புகையும் கூடுதல் டீசல் செலவும் மாத்திரம் என்றால் பில்டர்களை மாற்றிப் பார்த்து, சரிவராவிட்டால் அந்த மாதத்துக்குள் சோதியுங்கள். எந்த அடையாளமும் இல்லை, கிலோமீற்றர் மட்டும் ஏறிவிட்டது என்றால் சோதித்தால் போதும், நன்றாக இருக்கும் நொசிலை மாற்ற வேண்டியதில்லை. லேண்ட்மாஸ்டருக்கு இந்தச் சோதனையைப் போகம் தொடங்குமுன் செய்துவிடுங்கள். உழவு நாளில் நின்றுவிட்டால் வாடகையும் போகும், வயற்காரரின் நம்பிக்கையும் போகும்.

பழைய வகை டீசலில் நான்கு நுனிகளையும் ஒன்றாக மாற்றுவதே வழக்கம். ஒன்று புதிதாகவும் மூன்று பழையதாகவும் இருந்தால் எஞ்சின் சீராக ஓடாது. கொமன் ரெயிலில் விலை அதிகமென்பதால், சோதனையில் தவறிய இன்ஜெக்டரை மட்டும் மாற்றுவதும் உண்டு.

கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து

நொசில் பீச்சும் இடத்துக்கு எதிரே ஒருபோதும் கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும்தான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். இப்படி நடந்தால் மருந்து பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல், உடனே வைத்தியசாலைக்குப் போய், “அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கராஜில் வேலை பழகும் பிள்ளைகள் உள்ள தாய்மார் இதை அவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கொமன் ரெயில் எஞ்சினில் அறவே செய்யக் கூடாது.

ஒரு கொப்பி போதும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களே நமக்குத் துணையாக இருந்தன. திறந்த பிறகும் புதியதின் விலை நமது கைக்கு எட்டும் நிலையில் இல்லை. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே நமக்குச் சேமிப்பு.

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். ஐந்து கோடு போடுங்கள்: திகதி, கிலோமீற்றர் அல்லது மணித்தியாலம், அடித்த டீசல், ஒயில் அளவு, செய்த வேலை. பில்டர் மாற்றிய நாள், நொசில் சோதித்த நாள், எத்தனை பாரில் திறந்தது என்பதையும் எழுதுங்கள். தினமும் மாலையில் சாரதி திறப்பைத் தரும்போது இரண்டு நிமிடம் போதும். இரண்டு மாதம் எழுதினால் உங்கள் வாகனம் எப்படிச் சாப்பிடுகிறது என்று உங்களுக்கே விளங்கும். மூன்றாம் மாதம் அது கூடுதலாகச் சாப்பிட்டால், சாரதி சொல்வதற்கு முன்பே நீங்கள் கேட்பீர்கள்.

கொப்பியோடு கராஜுக்குப் போகும் பெண்ணிடம் பேசும் தொனியே வேறு என்பதை நமது குழுக்களில் உள்ள சகோதரிகள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் எழுதத் தொடங்குங்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒன்றாக இருந்து கணக்குப் பார்ப்போம்.

அடுத்த இதழில்: வாகனக் காப்புறுதி எடுக்கும்போது படித்துப் பார்க்க வேண்டிய வரிகள்.